அன்றைக்கே வாங்கியிருந்தால்

சாமத்திய வீடோ, பரதநாட்டிய அரங்கேற்றமோ, அந்தியேட்டியோ, ஜேர்மனியிலே நாற்பது தமிழர் ஒரு மண்டபத்திற் கூடினால் அவர்களுள் ஒருவர் 'அன்றைக்கே வாங்கியிருந்தால்' அண்ணராக இருப்பது நிச்சயம். தேநீரைக் கையிலே வாங்கி, நாற்காலியை நம் பக்கமாக இழுத்துப் போட்டு, க்ஷேம விசாரணையை அரை நிமிஷத்தில் முடித்துக்கொண்டு அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, நீர் எந்த வருஷம் இஞ்ச வந்தனீர்?" அனுபவசாலிகள் இதற்கு விடை சொல்லாமல் வடை எடுக்க எழுந்து போய்விடுவார்கள். விடை சொன்னவன் தொலைந்தான். வருஷத்தைச் சொன்னால் மாதத்தைக் கேட்பார். மாதத்தைச் சொன்னால் திகதியைக் கேட்பார். திகதியும் கிடைத்துவிட்டால், சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜேர்மன் பங்குச்சந்தையின் டாக்ஸ் குறியீட்டுப் பழைய விலைப்பட்டியலை விரலாலே தள்ளித் தள்ளி அந்த நாளைக் கண்டுபிடித்து, இன்றைய விலையை அன்றைய விலையால் வகுத்து, நாம் சம்பாதிக்கத் தவறிய திரவியம் இவ்வளவு என்று சதக்கணக்குச் சுத்தமாகப் பந்தியறியப் பிரகடனஞ் செய்வார்.

1985 இலே கிழக்குப் பேர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்குப் பகுதிக்குக் கடந்து, பின்பு ரூர்ப் பிரதேசத்து அகதி விடுதி ஒன்றிலே, வேலை செய்ய உத்தரவுமின்றி, மாவட்டத்தை விட்டு வெளியே போக உத்தரவுமின்றி, கைச்செலவுக்குக் கிடைத்த காசிலே சிகரெட்டைப் பாதியாக நறுக்கிப் புகைத்து நாள் கழித்த ஒரு பெரியவரையே அண்ணர் இவ்விதம் பிடித்துக்கொண்டார். "அந்தச் சிகரெட் காசை மாசம் மாசம் டாக்ஸில போட்டிருந்தால், இண்டைக்கு நீங்கள் டோர்ட்முண்டில ரெண்டு வீடு வாங்கியிருப்பியள்!" பெரியவர் பாவம், கனவில் வந்து போன அந்த இரண்டு வீடுகளுக்காகவும் மெய்யாகவே வருந்தினார். அருகிலிருந்த நான் ஓர் ஆக்ஷேபம் எழுப்பினேன். டாக்ஸ் என்னும் குறியீடே 1988 ஜூலை முதலாந் திகதிதான் பிறந்தது. 1987 இன் கடைசிச் சந்தை நாளை ஆயிரம் என்று வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினார்கள். அதற்கு முந்திய எண்களெல்லாம் பிற்காலத்திலே பின்னோக்கிக் கணக்கிட்டவை. அப்படிப்பட்ட ஒரு குறியீட்டை அப்படியே பின்பற்றிச் சந்தையிலே கைமாறும் ஈ.டி.எஃப் என்னும் நிதி ஐரோப்பாவிலே முதன்முதலாக விற்பனைக்கு வந்தது பிராங்க்ஃபர்ட்டிலே, 2000 ஏப்ரல் 11 ஆந் திகதி. அண்ணர் உயிராய்ப் போற்றும் டாக்ஸ் நிதியோ அதே வருஷம் டிசம்பர் 27 இலேதான் அமைக்கப்பட்டது. ஆகையால் இந்தப் பெரியவர் சிகரெட்டை அறவே துறந்திருந்தாலும் அன்று வாங்குவதற்கு அந்தப் பொருள் இல்லையே என்றேன். அண்ணர் என்னை மிகுந்த அநுதாபத்தோடு நோக்கினார். "பொருள் இல்லாட்டிலும், தம்பி, விலை இருந்தது தானே!"

அவருடைய பக்தி முழுவதும் நாலைந்து திகதிகளின்மேல். முன்னோர் திதியை மறவாத சிரத்தையுள்ள குடும்பத்தலைவனைப் போல இவற்றை அவர் மனத்திலே வைத்திருக்கிறார். 2000 மார்ச் 7: டாக்ஸ் 8,064 என்னும் உச்சியிலே முடிந்தது. 2003 மார்ச் 12: 2,203 க்கு விழுந்தது. 2009 மார்ச் 6: 3,666. 2020 மார்ச் 18: 8,441. இந்த நாட்டுச் சந்தை ஏறி முடிவதற்கும் விழுந்து எழும்புவதற்கும் மார்ச் மாதத்தையே ஏன் தெரிந்தெடுத்தது என்பதைச் சோதிடரிடந்தான் கேட்கவேண்டும். இவற்றுள் முதலாவது திகதியை மட்டும் அண்ணர் எந்தச் சபையிலும் பிரஸ்தாபிப்பதில்லை. அவருடைய கணக்கிலே எல்லோரும் பள்ளத்திலே வாங்கியிருக்க வேண்டியவர்கள். எல்லோரும் உச்சியிலே விற்றிருக்க வேண்டியவர்கள். விலைப்பட்டியலிலே தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு என்று நான்கு நிரல்கள் இருக்கின்றன அல்லவா? வாங்கும்போது தாழ்வு நிரலையும் விற்கும்போது உச்ச நிரலையும் எடுத்துக்கொள்வது அவருக்கு உரிமை. நம்மைப்போன்றவர்கள் இரண்டுக்கும் நடுவிலே, வாங்குவோன் கேட்கும் விலைக்கும் விற்போன் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் வங்கித் தரகையும் கொடுத்து அழுதுகொண்டு நின்றிருப்போம் என்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

2003 இலே மகளுக்குச் சாமத்தியச் சடங்கு செய்தவர்கள் அவரிடம் படும் பாடு சொல்லுந்தரமன்று. "மண்டபம், சாப்பாடு, வீடியோ எண்டு பத்தாயிரம் யூரோ முடிச்சிருப்பியள். அண்டைக்கு டாக்ஸில விட்டிருந்தால், 2020 பெப்ரவரி பத்தொன்பதில 13,789. அறுபத்திரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்!" வகுத்தற் கணக்கிலே பிழையில்லை. ஆனால் அதற்குப் பின் ஒரு மாதங்கூடக் கழியுமுன்னர் அதே தொகை முப்பத்தெண்ணாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியதே, அப்போது அந்தப் பெண்ணின் தகப்பனார் மாரடைப்பு வராமல் இருந்திருப்பாரா என்று யாராவது கேட்டால், "நீண்டகாலம், நீண்டகாலம்" என்று இருமுறை சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சுவார்.

2008 அக்டோபர் 28 ஆந் திகதியும் அவருக்குப் பிரியமானது. உலகமே மூழ்கிக்கொண்டிருந்த அந்த வாரத்திலே, விலை விழும் என்று பந்தயங்கட்டி ஃபோக்ஸ்வாகன் பங்குகளை இரவல் வாங்கி விற்றவர்கள், திருப்பிக் கொடுக்கப் பங்கு அகப்படாமல் எந்த விலைக்கும் வாங்கத் துணிந்ததனாலே, அந்தப் பங்கு சற்று நேரம் ஆயிரம் யூரோவையும் தாண்டிற்று. மற்றவை தள்ளாடி நிற்க, அந்த ஒரு பங்கின் பலத்தினாலேயே டாக்ஸ் ஒரே நாளில் பதினொரு சதவீதம் உயர்ந்தது. விலை வரைபடத்திலே அது ஓர் ஊசிமுனை. அண்ணருக்கோ அது "விற்க வேண்டிய நாள்".

லண்டனிலே இருக்கும் மைத்துனருக்கும் இவருக்கும் இந்தக் கணக்குகளாலே ஏற்பட்டிருக்கும் பகை வேறொரு விருத்தாந்தம். ஜேர்மன் குறியீட்டின் ஏற்றத்தையும் லண்டன் குறியீட்டின் மந்தத்தையும் ஒரே படத்தில் வரைந்து, நத்தார் தினத்திலே அண்ணர் அவருக்கு அனுப்பிவைத்தார். தொலைக்காட்சியிலே தினந்தோறும் காட்டப்படும் டாக்ஸ், கம்பனிகள் கொடுக்கும் இலாபப்பங்கையெல்லாம் மறுபடி முதலிலே போட்டதாக வைத்து எண்ணப்படுவது, லண்டனின் எஃப்.டி.எஸ்.ஈ. 100 வெறும் விலையை மட்டும் எண்ணுவது. ஆகவே இந்தப் படம் ஒருவருடைய சம்பளத்தையும் போனசையும் சேர்த்து, மற்றவருடைய சம்பளத்தை மட்டும் வைத்து, யார் கெட்டிக்காரன் என்று தீர்ப்புச் சொல்கிறது. இதே பிழையைத் தம் மகளுக்கும் செய்தார். அவள் வாங்கியிருந்தது காலாண்டுதோறும் இலாபப்பங்கைக் கையிலே கொடுக்கும் நிதி. கொடுக்கும் நாளிலே அதன் விலை அவ்வளவுக்குக் குறைவது இயல்பு. கொடுத்த காசு விலைக்கோட்டிலே தெரியாது. "ஊர்ந்துகொண்டு கிடக்குது, பிள்ளை, அதை வித்துப்போடு" என்று நச்சரித்து, கடைசியில் விற்கப் பண்ணியுமிருக்கிறார்.

அவர் வீட்டு வரவேற்பறையிலே ஜேர்மன் பங்கு நிலையம் வெளியிடும் முக்கோண வரைபடம் பெரிதாக அச்சிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. எந்த வருஷம் வாங்கி எந்த வருஷம் விற்றால் வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்பதைக் கட்டங்கட்டமாகக் காட்டும் படம் அது. அதிலே நஷ்டம் சிவப்பு. அண்ணர் வீட்டிலே 2000 ஐ ஒட்டிய சிவப்புக் கட்டங்களின்மேலே, தற்செயலாகத்தான் என்று நம்புகிறேன், ஒரு பிள்ளையார் நாட்காட்டி தொங்குகிறது.

இதுவரை சிரிக்கலாம். சென்ற வருஷம் ஒரு பிறந்தநாள் விருந்திலே, "2009 மார்ச்சில வாங்காதவன் வடிகட்டின முட்டாள்" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மார்ச்சிலே நம்மில் எவன் விலைப்பலகையைப் பார்த்தான்? இலங்கைப் போரின் கடைசி மாதங்களிலே, வன்னியிலே சனங்கள் நாளுக்கு நாள் சுருங்கிய ஒரு துண்டு நிலத்திலே செல்லடிக்குள் அடைபட்டிருந்தார்கள். இங்கே வேலைக்கு லீவு போட்டுவிட்டு நகரத்துக்கு நகரம் பதாகையோடு வீதியில் நின்றோம். கையிலிருந்த காசு, யாரோ ஒருவர் மூலமாக, போய்ச் சேருமா சேராதா என்று தெரியாத இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த நாளின் முடிவு விலை 3,666 என்று பட்டியல் சொல்கிறது, சொல்லட்டும். ஆனால் ஒரு மனிதன் பதினைந்து வருஷங் கழித்து வந்து, அந்த எண்ணைக் காட்டி நம்மை முட்டாள் என்று சொல்வது சகிக்கத்தக்கதன்று. அதையும் யார் சொல்வது? டுசல்டோர்ஃபிலே என் பதாகையின் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு, தமக்கையிடமிருந்து தொலைபேசி வரவில்லையே என்று நின்ற இடத்திலேயே அழுதவர் சொல்கிறார்.

இதை நான் அவருக்கு ஞாபகப்படுத்தியபோது, கைத்தொலைபேசியைச் சட்டைப்பையிலே போட்டுவிட்டு, எனக்கு இன்னொரு துண்டு கேக் கொண்டுவந்து தந்தார். அன்றிலிருந்து என்னிடம் மாத்திரம் 2009 ஐப் பற்றி அவர் பேசுவதில்லை. மற்ற வருஷங்களைப் பற்றிப் பேசுகிறார்.

இளையவர்கள் அவரைக் கண்டு சிரித்தாலும், மாதம் இருபத்தைந்து யூரோ தானாகவே கழிந்து ஒரு நிதியிலே சேரும்படி ஏற்பாடு செய்துகொண்ட பிள்ளைகள் பலர் அவருடைய உபத்திரவத்தினாலேதான் தொடங்கினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிலும் அவருக்குத் திருப்தியில்லை. "இவ்வளவு உச்சத்தில வாங்குதுகளே" என்று விசாரப்படுகிறார். போன மாதம் எசனிலே ஒரு குழந்தையின் முப்பத்தொன்றாம் நாள் விருந்துக்கு வந்தவர், அன்பளிப்பு உறைக்குள்ளே ஐம்பது யூரோத் தாளோடு, குழந்தை பிறந்த நாளின் முடிவு விலையையும், தம்முடைய அருமை நிதியின் பதிவெண்ணாகிய 593393 ஐயும் ஒரு சிறு தாளிலே அழகாக எழுதி வைத்திருந்தார். குழந்தையின் தகப்பன் அது அண்ணரின் புதிய தொலைபேசி இலக்கமாக்கும் என்று எண்ணி, நன்றி சொல்வதற்காக இரண்டு நாள் விடாமல் அழைத்துப் பார்த்தானாம்.