மண் இல்லாத ஊரில் மரம் நடு விழா

சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 வந்தால் சென்னையில் மரக்கன்றுகளுக்குக் கெட்ட நேரம். கத்திரி வெயில் பஞ்சாங்கத்தில்தான் முடிந்திருக்கும். தார்ச்சாலைக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்திருக்காது. இந்த ஊருக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் மேடை, மைக், ஷாமியானா, ரிப்பன் கட்டிய மண்வெட்டி எல்லாம் ஜூனில்தான் தயாராகின்றன. ஒரு கன்றைப் பிடிக்க ஒன்பது கைகள். ஒன்பதும் கேமராவுக்குத் தெரிய வேண்டும். பூவாளியில் அரை லிட்டர் தண்ணீர், ஒரு கைதட்டல், கார் கதவு சாத்தும் சத்தம். அடுத்த வருஷம் அதே குழி, அதே கூண்டு, கூண்டில் அதே ‘உபயம்’ பலகை. கன்று மட்டும் புதுசு.

போன வருஷத்துக் கன்று என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். மாடு தின்றுவிட்டது, தண்ணீர் லாரி வரவில்லை, பொதுமக்களுக்குப் பொறுப்பில்லை. பதில்கள் மனப்பாடம். மாடு வாய் பேசாது. பொதுமக்கள் பேசினாலும் யாரும் கேட்பதில்லை. ஆகவே குற்றவாளிகள் இருவரும் வசதியானவர்கள்.

குழிக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சாலை அகலப்படுத்திய ஓரத்திலோ, கட்டட வேலை முடிந்து மூடிய இடத்திலோ கடப்பாரையைப் போடுங்கள். ‘ணங்’ என்று கேட்கும். மேலே இரண்டு அங்குலம் செம்மண். அது பில்லுக்காகப் போட்டது. அடியில் சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, செங்கல் சில்லு, ஒயர் உறை, குட்கா பாக்கெட். அதற்கும் அடியில் ரோலர் ஏறி இறங்கி இறுகிப்போன களி. நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். அதில்தான் காற்றும் நீரும் நடமாடும், வேர் மூச்சு விடும். ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் எடை 1.6 கிராமைத் தாண்டினால் பெரும்பாலான செடிகளின் வேர் திணற ஆரம்பிக்கும். சிமென்ட் துகள் தன் பங்குக்குக் காரத்தன்மையை ஏற்றிவிடும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது, இலை வெளுக்கும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடும். அப்புறம் அந்தத் தண்ணீரை வெளியேற்ற மழைநீர் வடிகாலுக்குத் தனி டெண்டர்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த ஊரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. காற்றைத் திட்டினோம், அயல்நாட்டு மரங்களைத் திட்டினோம். கழுத்துவரை பேவர் பிளாக் பதித்து, காலடியில் ரப்பிஷ் கொட்டி, வேர் கீழே இறங்க வழி விடாத நம்மை யாரும் திட்டவில்லை. திட்டுகிற இடத்தில் நாமே உட்கார்ந்திருந்தால் எப்படித் திட்டுவது?

இறுகிய மண்ணுக்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. இறுகிய மண்ணின் மேல் நாலு அங்குலம் மக்கிய உரத்தைப் பரப்பி, ஜே.சி.பி.யைக் கொண்டு இரண்டடி ஆழத்துக்குக் கிளறி, மேல்மண் போட்டு, பிறகு மரம் நடுவது. இதில் ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. நம்மிடமும் ஜே.சி.பி. இருக்கிறது, குடிசையை இடிக்க மட்டுமே அதற்கு அனுமதி போலும். மக்கு உரம் யூரியா மாதிரி செடிக்கு ஊசி போடாது. மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் சோறு போடும். அவை மண்ணைப் பொலபொலப்பாக்கும். அந்த மண் நீரைப் பிடித்து வைக்கும். வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் வட்டாரத்தில் கட்டட வேலை முடிந்த இடத்தில் எட்டு அங்குல ஆழத்துக்கு மண்ணைச் சீர்செய்தாக வேண்டும். செடிப் பாத்தியில் 10 சதவீதம், புல்தரையில் 5 சதவீதம் அங்ககப் பொருள் இருக்க வேண்டும். ஓடைக்குப் போகும் நீர் கெட்டால் சால்மன் மீனுக்கு ஆகாதாம். அங்கே மீனுக்காக மண்ணைத் திருத்துகிறார்கள். இங்கே மனிதனுக்காகக்கூட வேண்டாம் என்கிறோம்.

நம்மிடம் சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. பெரிய கட்டடங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில், தோண்டும் மேல்மண்ணைத் தனியே சேமித்து வளாகத்துப் பசுமைக்கே பயன்படுத்த வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நடப்பது என்ன? மேல்மண் லோடு கணக்கில் இரவோடு இரவாகக் கிளம்பும்; வேலை முடிந்ததும் எங்கோ ஒரு கிராமத்தின் மண் லோடு கணக்கில் வந்து இறங்கும். இரண்டு முறையும் யாரோ ஒருவர் பணம் எண்ணுவார். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், உள்ளாட்சிகள் இரண்டே ஆண்டில் ரசாயன உரத்தைக் கைவிட்டு, தங்கள் பூங்காக்களில் மக்கு உரத்தையே பயன்படுத்த வேண்டும் என்றன. அந்தக் கெடு 2018-லேயே முடிந்துவிட்டது. விதி நன்றாக மக்கிவிட்டது, உரமாகத்தான் ஆகவில்லை.

உரத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? சென்னை ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. அதில் ஏறக்குறையப் பாதி வாழையிலையும் காய்கறித் தோலும் மீந்த சோறும் காய்ந்த சருகும். இந்த மண்ணுக்கு வேண்டிய சாப்பாடு அவ்வளவும் லாரியில் ஏறி, காய்ந்து கிடக்கும் சென்டர் மீடியனை உரசிக்கொண்டே கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைமேடுகளுக்குப் போயிருக்கிறது, பல பத்தாண்டுகளாக. மீடியனுக்கோ நர்சரியிலிருந்து பூச்செடி. கும்பி கூழுக்கு அழுததாம், கொண்டை பூவுக்கு அழுததாம்.

கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கின் பரப்பு 300 ஏக்கருக்கு மேல். மக்க வேண்டியதை மூச்சுவிட வழியில்லாமல் புதைத்தால் மீத்தேன் வரும். மீத்தேன் பற்றினால் புகை வரும். புகை வடசென்னைப் பிள்ளைகளின் நெஞ்சுக்குப் போகும். பெருங்குடியில் கொட்டியது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்றது. 2022-இல் அதே சதுப்புக்குச் சர்வதேச ராம்சர் அங்கீகாரம் கிடைத்தபோது கைதட்டியதும் நாம்தான். இப்போது பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கக் கோடிகள். புதிய குப்பைக்கு எரிஉலைத் திட்டம். ஈரச் சோற்றையும் சாம்பாரையும் கொளுத்திக் கரண்ட் எடுக்கும் இந்த விஞ்ஞானத்தை ஏன் பணக்காரர்கள் வாழும் போயஸ் தோட்டத்தில் சோதித்துப் பார்க்கக் கூடாது? புகைக்கும் சாதி பார்க்கத் தெரியும்போல. வடக்கே மட்டும் போகிறது.

அரசை மட்டும் திட்டிவிட்டு நழுவ நினைக்கும் நடுத்தர வர்க்கமே, கொஞ்சம் நில். ஆர்கானிக் கத்தரிக்காயை இரட்டை விலைக்கு வாங்கி, காம்பை டயப்பரோடு சேர்த்து ஒரே கறுப்புக் கவரில் கட்டி வாசலில் வைப்பது நீதான். அதை வெறுங்கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். அவர் கை தப்பவிட்டதெல்லாம் உர மூட்டைக்குள் வருகிறது: ஷாம்பு சாஷே, கண்ணாடிச் சில்லு, நாப்கின் பஞ்சு, செத்த பேட்டரி. அந்த உரத்தைச் செடிக்குப் போட எந்தத் தோட்டக்காரர் கை வைப்பார்? போதாக்குறைக்கு, கணக்குக் காட்டும் அவசரத்தில் பாதி மக்கியதையே மூட்டை கட்டினால், அது மண்ணில் இருக்கும் கொஞ்ச நைட்ரஜனையும் தானே இழுத்துக்கொள்ளும். செடி மஞ்சளாகும். உடனே தீர்ப்பு வரும்: ‘கம்போஸ்ட் எல்லாம் சரிப்படாது சார்.’

உண்மைக் காரணம் எஸ்டிமேட்டில் இருக்கிறது. கன்றுக்கு ரேட் உண்டு, கூண்டுக்கு ரேட் உண்டு, செம்மண்ணுக்கு லோடு கணக்கு உண்டு. மண்ணைக் கிளறவும் நாலு அங்குலம் உரம் கலக்கவும் ஐட்டம் அபூர்வம். இருந்தாலும் மண்ணுக்குள் போனதை யார் அளப்பது? கன்றைப் படம் எடுக்கலாம், உரத்தை எடுத்தால் யார் பார்ப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, செத்த கன்று மறு ஆர்டர்; பிழைத்த மரம் நஷ்டம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நட்டதற்குக் காசு கிடையாது, மூன்று கோடை தாண்டி உயிரோடு நிற்கும் மரத்துக்கு மட்டும்தான் பில் பாஸ் ஆகும் என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள். மறுநாள் காலையிலேயே ஒப்பந்ததாரர் உர மூட்டைக்கு வரிசையில் நிற்பார். மண்புழு எங்கே கிடைக்கும் என்று இன்ஜினியரும் போன் போட்டு விசாரிப்பார்.