வருவாரண்ணன்

நாகமலை புதுக்கோட்டை நிறுத்தத்தில் இறங்கித் தேனி சாலையைக் கடந்தால் ஒரு டீக்கடை. காலை ஆறரைக்கு அங்கே போனால் பெஞ்சின் வலது ஓரத்தில் ஒருவர் டீயை ஆறவிட்டுப் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருப்பார். பணி ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இரண்டு பேனா; அதில் ஒன்று எழுதாது. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. எங்களுக்கு அவர் வருவாரண்ணன்.

எந்தத் தேர்தல் பேச்சை எடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "இப்ப நிக்கிற ஆளுகள விடுங்க தம்பி. கடைசி நேரத்துல ஒருத்தர் எறங்குவாரு. நீங்க வேணாப் பாருங்க." யாரண்ணே என்று கேட்டால் மலையைப் பார்ப்பார். நாகமலை பாம்புபோல நீண்டு கிடக்கிறதல்லவா, வருகிறவர் அதன் வால்பக்கத்திலிருந்து இறங்கி வருவார் என்பதுபோல.

1996இல் ரஜினிகாந்த் தி.மு.க., த.மா.கா. கூட்டணிக்குக் குரல் கொடுத்தபோது பிடித்த காய்ச்சல் இது. இலவு காத்த கிளி என்று அவரைச் சொல்ல மாட்டேன். இலவு காத்த கிளிக்குப் பஞ்சு பறந்ததும் வருத்தம் வந்தது. அண்ணனுக்கு வருத்தம் வருவது காய் பழுக்கிறபோதுதான். 2017 டிசம்பர் 31ஆம் தேதி, சென்னை ராகவேந்திரா மண்டபத்தில், அரசியலுக்கு வருவது உறுதி, 234 தொகுதியிலும் போட்டி என்று ரஜினி அறிவித்தார். அன்று பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் அண்ணன் செலவில் டீ. நான் அறிந்து அந்த ஒரு முறைதான். மறுநாள் மனிதர் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். "சொல்லிட்டாரே தம்பி" என்றார். கட்சி இன்னும் தொடங்கவில்லையே என்று யாரோ எடுத்துக் கொடுத்த பிறகுதான் முகத்தில் ரத்தம் ஓடியது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து மூன்று வருடம் ஓட்டினார்.

2020 டிசம்பர் 3ஆம் தேதி, ஜனவரியில் கட்சி என்றது அறிவிப்பு. அதே மாதம் 29ஆம் தேதி, உடல்நிலை காரணமாகக் கட்சி இல்லை என்றது இன்னொன்று. ஆறுதல் சொல்லப் போனேன். "இப்பத்தேன் தம்பி எனக்கு நம்பிக்கையே வருது" என்றார். 2021 ஜூலையில் ரஜினி மக்கள் மன்றத்தையே கலைத்தார்கள். "பழச இடிக்காம புதுசு எப்படிக் கட்டுறது?"

வந்தே விட்டவர்களை அண்ணனுக்குப் பிடிக்காது. விஜயகாந்த் நம்ம ஊர்க்காரர்; 2005 செப்டம்பரில் மதுரையிலேயே தே.மு.தி.க.வைத் தொடங்கினார், 2011இல் 29 இடம் பிடித்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அண்ணன் அசையவில்லை. கமல்ஹாசன் 2018 பிப்ரவரியில் ஒத்தக்கடை மைதானத்தில் கட்சி தொடங்கியபோது, "வந்துட்டாரு, இனி அவர்ட்ட என்ன இருக்கு?" என்று பேப்பரை மடித்துவிட்டார். விஜய் மேல் அவருக்கு இருந்தது தனிக் கோபம். 2024 பிப்ரவரியிலேயே கட்சியை அறிவித்து, மக்களவைத் தேர்தலில் நிற்கவில்லை, இலக்கு 2026 என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வருசம் முன்னாடியே தேதி போட்டுச் சொன்னா, டீக்கடையில நாங்க என்னத்தப் பேசுறது?"

உள்ளூர்ச் சரக்குக் குறைந்தால் அமெரிக்கா. அங்கே ஒரு கட்சியின் அதிபர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக உட்கட்சித் தேர்தல் வைத்து முடிவு செய்கிறார்கள். மாநிலத்துக்கு ஒரு மனுத்தாக்கல் தேதி. பிந்தினால் வாக்குச்சீட்டில் பெயர் வராது. அண்ணனுக்கென்றே செய்துவைத்த ஏற்பாடு. 2019 நவம்பரில் கோடீசுவரர் மைக்கேல் புளூம்பெர்க் தாமதமாகக் களத்தில் குதித்து, முதல் நான்கு மாநிலங்களைத் தொடாமலே விட்டபோது, "பாத்தீகளா, ஆளுக்கு எம்புட்டு நிதானம்!" என்று பூரித்தார். சுமார் நூறு கோடி டாலர் செலவழித்து அந்த மனிதர் வென்றது அமெரிக்க சமோவா என்ற தீவுப் பகுதி ஒன்றை மட்டும். 2020 மார்ச் 4ஆம் தேதி விலகினார். எட்டே நாளில், மார்ச் 12 அன்று, முதலமைச்சர் பதவி ஆசை தனக்கு இல்லை என்றார் ரஜினி. அந்த வாரம் அண்ணன் கடைக்கு வரவில்லை. கொரோனா என்று நினைத்துக்கொண்டோம்.

2024இல் கதை அவர் பக்கம் திரும்பியது. ஜூலை 21ஆம் தேதி பைடன் விலக, கமலா ஹாரிஸ் இறங்கினார். மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில், அவருடைய தாத்தா ஊரில், கோயிலில் பூசை நடந்தது. "நாஞ் சொல்லல?" என்று நாகமலையே அதிரக் கேட்டார். சொன்னதென்னவோ மிஷேல் ஒபாமாவை. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும், "லேட்டா வந்ததுதேன் கொறை" என்றார். நீங்கதானண்ணே லேட்டா வரணும்பீங்க? "லேட்டா வரலாம் தம்பி. ரொம்ப லேட்டா வரப்படாது."

வீட்டிலும் இதே கதைதான். உட்கார இடமுள்ள பேருந்தை விட்டுவிடுவார், பின்னால் காலியாக ஒன்று வருமாம். மகளுக்கு வந்த பதினோரு ஜாதகத்தையும், இன்னும் நல்லதாக ஒன்று வரும் என்று தள்ளினார். பன்னிரண்டாவதை அந்தப் பெண்ணே அலுவலகத்தில் பார்த்துக்கொண்டாள். நல்ல மாப்பிள்ளை.

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில், பேசுகிற வாயை நிற்க வைத்துத்தான் பார்ப்போமே என்று, வார்டு உறுப்பினர் பதவிக்கு அவரையே கிளப்பினோம். மறுப்பே சொல்லவில்லை. படிவம் வாங்கி நிரப்பினார், எழுதுகிற பேனாவால். கடைசி நாள் கடை வாசலில் ஆட்டோ தயார். முன்மொழிய ஆள் தயார். "இருங்கப்பா, கடேசிப் பத்து நிமிசத்துல போவோம். அப்பத்தேன் எதிராளி அசருவான்" என்று இன்னொரு டீ சொன்னார். 1991 டிசம்பர் 20 அன்று நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோவும் இப்படித்தான் செய்தார். அதிபர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தல் மனுவோடு நியூ ஹாம்ப்ஷயருக்குப் பறக்க ஆல்பனியில் விமானம் காத்துக் கிடந்தது. மாநில பட்ஜெட் முடியவில்லை, வரவில்லை என்று சொல்லிவிட்டார். இங்கே பட்ஜெட் இல்லை, பேத்திக்குக் காய்ச்சல். மனு நேரம் முடிந்தது. அண்ணன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, அன்று என்றும் இல்லாத தெளிவோடு வீட்டுக்கு நடந்தார்.

அந்தத் தேர்தலில் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அண்ணனின் படிவம் மூன்றாக மடிந்து இன்னும் சட்டைப் பையில், எழுதாத பேனாவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆட்டோக்காரருக்கு அன்றைய வெயிட்டிங் காசு எண்பது ரூபாய் பாக்கி. வரும் என்று சொல்லியிருக்கிறார்.