கோலாப்பூரில் மழை

திருநெல்வேலியில் மழை பெய்தால் அண்ணாச்சி குடையை எடுப்பார். கோலாப்பூரில் மழை பெய்தால் கால்குலேட்டரை எடுப்பார்.

மகாராஷ்டிரத்தில் இருக்கும் அந்த ஊரை அவர் கண்ணால் கண்டதில்லை. அங்கே மகாலட்சுமி கோயில் இருக்கிறது என்பதே வீட்டம்மா சொல்லித்தான் தெரியும். ஆனால் அந்த வட்டாரத்தில் கரும்பு எப்படி நிற்கிறது, ஆலைகள் எப்போது அரவை தொடங்கும், விலை கேட்டு விவசாயிகள் எந்த வாரம் மறியலில் உட்காருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. சொந்த ஊர்த் தாமிரபரணியில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று கேட்டுப் பாருங்கள். "போவும், போவும்" என்பார்.

இவர் தனி ஆள் இல்லை, ஒரு சாதி. அந்தச் சொல்லை எழுதினால் வம்பு வரும் என்பதால் இனம் என்று வைத்துக்கொள்வோம். நெல்லையில் இவர் அல்வாக் கடை வைத்திருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவார். கோயம்புத்தூரில் பேக்கரி முதலாளியாக, சீனியை அஸ்கா என்று சொல்லிக்கொண்டு இருப்பார். மூட்டைக் கணக்கில் சீனி வாங்கிப் பலகாரம் போட்டுப் பிழைக்கிற எவரும் இந்த இனத்தில் சேரலாம். 'சீனி ரேட்டை நம்மள மாதிரிப் பாத்து வாங்க ஆளில்ல' என்ற நம்பிக்கை மட்டும் குறையாமல் இருக்க வேண்டும்.

அவருக்குச் சர்க்கரை உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ரத்த அழுத்தம் உண்டு. அது மாதக் கடைசியில் ஏறும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பொழுது விடிந்தால் செல்போனில் ரேட் வந்து விழும். எஸ்-30 இவ்வளவு, எம்-30 இவ்வளவு, ஆலை வாசல் விலை, ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி, லாரி வாடகை தனி. இதில் எழுத்து பருமனைச் சொல்கிறது: எஸ் என்றால் சன்னம், எம் என்றால் நடுத்தரம், எல் என்றால் பெரும்பரல். எண் நிறத்துக்கு. கான்பூரில் இருக்கும் தேசிய சர்க்கரை நிறுவனம் சீசனுக்குச் சீசன் மாதிரிச் சீனி தயாரித்து ஆலைகளுக்குத் தருகிறது. அதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஆலைக்காரர்கள் மூட்டையில் முத்திரை குத்துகிறார்கள்.

அண்ணாச்சிக்குக் கான்பூர் தேவையில்லை, உள்ளங்கை போதும். ஒரு பிடி அள்ளி, வெயிலில் காட்டி, பெருவிரலால் தேய்த்து, கையைக் கவிழ்த்து உதறுவார். உதிர்ந்தது போக ஒட்டிக்கொண்டிருக்கும் பரல்களை எண்ணுவதுபோல் பார்ப்பார். ஒட்டினால் ஈரம். பிறகு மூக்குக்குக் கொண்டுபோய் முகர்வார். நம் நாட்டு ஆலைகளில் பெரும்பாலும் கந்தகப் புகை காட்டித்தான் சாற்றை வெளுக்கிறார்கள். அந்த நெடி தெரிகிறதாம். கடைசியாக ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்கி, அடியில் என்ன நிற்கிறது என்று குனிந்து பார்ப்பார். இத்தனையும் முடிந்து, "எம் முப்பதே எறக்குங்க. பரலு பெருசா, பளிச்சுன்னு இருக்கணும். ரூவா கூட ஆனா ஆயிட்டுப் போவுது" என்பார்.

இனி அந்தச் சீனிக்கு என்ன நேர்கிறது என்று பட்டறைக்குப் போய்ப் பார்க்கலாம். பெரிய பரலுக்காகக் கூடுதல் விலை கொடுத்த சீனியை மாஸ்டர் முதல் வேலையாகத் தண்ணீரில் கரைக்கிறார். பாகில் சிறு பரலும் பெரும்பரலும் ஒன்றுதான், சிறுபரல் சற்றுச் சீக்கிரம் கரையும் என்பதைத் தவிர. சரி, பளிச்சென்ற வெண்மைக்காவது பலன் உண்டா? நெல்லை அல்வாவின் அந்தப் பழுப்பு நிறத்துக்குச் சீனியில் ஒரு பங்கைத் தனியே கருக விட்டுத்தான் சேர்க்கிறார்கள். ஆக, பருமனுக்குப் பணம் கொடுத்துக் கரைக்கிறார், வெண்மைக்குப் பணம் கொடுத்துக் கருக்குகிறார். மாஸ்டர் இதை ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "நீரு கிண்டுத வேலையப் பாரும் வே" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எந்தச் சீனி வந்தாலும் மாஸ்டர் கொதிக்கும் பாகில் ஒரு கரண்டிப் பாலை ஊற்றி, மேலே திரண்டு வரும் அழுக்கை வழித்துப் போட்டுவிட்டு வாயைத் திறப்பதில்லை.

பேக்கரிக்காரருக்குப் பரல் உண்மையாகவே முக்கியம். பிஸ்கட் மாவில் பெரும்பரல் கரையாமல் நிற்கும். மேலே தூவுவதற்கோ அதுதான் அழகு. அவர் எஸ் கேட்பதிலும், அரைத்துப் பொடியாக்குவதிலும் அர்த்தம் இருக்கிறது. அண்ணாச்சி கேட்பது அந்தஸ்து.

புரோக்கரோடு அவர் பேசுவதைக் கேட்க வேண்டும்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எம் முப்பது நாப்பத்தொண்ணு அம்பது."

"நேத்தைக்கு?"

"நாப்பத்தொண்ணு முப்பது. இருவது ரூவா கூடியிருக்கு."

"கூடினது கொறையும். நாளைக்குப் பாப்போம்."

மறுநாள் இன்னும் முப்பது கூடியிருக்கும்.

"நேத்தே சொன்னம்லா அண்ணாச்சி."

"சொன்னீரு. அழுத்திச் சொல்லலையே வே."

நாப்பத்தொண்ணு அம்பது என்றால் குவிண்டால் 4,150 ரூபாய். கிலோவுக்கு நாற்பத்தொன்றரை. இவர்கள் இருபது, முப்பது என்று மல்லுக்கு நிற்பதெல்லாம் கிலோவுக்கு இருபது பைசா, முப்பது பைசா. விலை ஏறினால் இறங்கட்டும் என்று காத்திருப்பார். இறங்கினால், இறங்குவது இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார். இப்படிக் காத்திருந்து காத்திருந்து, ஒரு சாயங்காலம் மாஸ்டர் வந்து, "ரெண்டு மூட்டதான் கெடக்கு மொதலாளி" என்பார். அப்போது கோலாப்பூர், பெல்காம், ஈரோடு எதுவும் உதவாது. மூன்றாம் தெரு மளிகை மண்டிக்குப் பையன் ஓடுவான். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து, தள்ளுவண்டியில் பத்து மூட்டை வரும். அன்றைய கணக்கை மட்டும் அண்ணாச்சி எங்கும் எழுதிவைப்பதில்லை.

மாதக் கடைசி சங்கதிக்கு வருவோம். அவருடைய அப்பா காலத்தில் லெவிச் சீனி, வெளிச்சந்தைச் சீனி என்று இரண்டு விலை. ஆலைகள் ஒரு பங்கை அரசுக்கு மலிவாகக் கொடுத்தாக வேண்டும். மிச்சத்தையும் அரசு சொல்லும் மாதத்தில், அரசு சொல்லும் அளவுதான் விற்க வேண்டும். அரசு அமைத்த ரங்கராஜன் குழு 2012-இல் சொன்னதை ஏற்று 2013-இல் லெவி, கோட்டா இரண்டையும் எடுத்தார்கள். ஐந்து வருடம் சுதந்திரம். 2018 ஜூனில் விலை விழுந்து, கரும்புப் பாக்கி மலைபோல் ஏறியபோது மாதாந்தரக் கோட்டா திரும்பி வந்தது. கூடவே, கிலோ 29 ரூபாய்க்குக் கீழே ஆலை விற்கக் கூடாது என்று தரை விலையும் வைத்தார்கள். 2019 பிப்ரவரியில் அது 31 ஆனது.

ஆகவே, அடுத்த மாதம் நாட்டில் எத்தனை லட்சம் டன் சீனி ஆலையை விட்டு வெளியே வரலாம் என்று டெல்லியில் ஒரு தாள் கையெழுத்தாகும் நாள்தான் அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தம் ஏறும் நாள். "இருவத்திரெண்டு வருமா, இருவத்திமூணு வருமா?" கடைக்கு வருகிறவர்கள் ஏதோ கிரிக்கெட் என்று நினைத்துக்கொள்வார்கள். தீபாவளி மாதத்துக்குக் கூட்டித்தான் விடுவார்கள். கூட்டினால் விலை இளகும். இவர் எதிர்பார்த்ததைவிட ஒரு லட்சம் டன் குறைந்தால், கல்லாவில் உட்கார்ந்தபடியே உணவுத் துறையை ஒரு மணி நேரம் பேசுவார். துறைக்கு இது தெரியாமல் போவது துறைக்கு நல்லது.

2023 டிசம்பர் 7-ஆம் தேதி ஓர் ஆணை வந்தது. பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைக் கரும்புச் சாற்றிலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள், சீனி குறைகிறது என்று. அண்ணாச்சிக்கு அன்று திருவிழா. "காருக்குப் போவேண்டிய சீனி நம்ம சட்டிக்கு வருது வே" என்று வந்தவர்களுக்கெல்லாம் காப்பி வாங்கிக் கொடுத்தார். விலை இன்னும் சரியும் என்று அன்றும் வாங்கவில்லை. பத்து நாள் ஆவதற்குள் ஆணையைத் தளர்த்தினார்கள். அதிலிருந்து பெட்ரோல் பங்க்கைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

என்றைக்காவது ஒருநாள், எந்தக் கிரகம் எங்கே நின்றதோ, வாங்கியும் விடுவார். ஆலையிலிருந்து நேரடியாக வாங்க வேண்டுமானால் முழு லாரி எடுக்க வேண்டும். ஐம்பது கிலோ மூட்டை முந்நூறு, பதினைந்து டன். அவ்வளவையும் ஒரே அல்வாக் கடை விழுங்காது. அதனால் கூட்டு லோடு: அண்ணாச்சி, ஒரு பேக்கரிக்காரர், மிட்டாய் போடும் ஒரு மாப்பிள்ளை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த லாரி எடைமேடையில் ஏறி இறங்கும் வரை மூவரும் அண்ணன் தம்பி. தார்ப்பாய் அவிழ்ந்ததும் கதை மாறும். பின்வரிசையில் நனைந்த மூட்டை யாருக்கு? கொக்கி பட்டுக் கிழிந்தது யாருக்கு? நடுவில் இருக்கும் நல்ல மூட்டைகள் மூவரில் யாருடைய பங்கு என்று லோடுமேன்கள் தலையில் சுமையோடு நிற்கும்போதே பஞ்சாயத்து நடக்கும். லோடுமேன்கள் விவரமானவர்கள். இறக்குக்கூலியை முன்பே வாங்கி வைத்திருப்பார்கள்.

மூட்டை மேல் எழுதியிருப்பதை அண்ணாச்சி ஜாதகம்போல் படிப்பார். ஆலையின் பெயர், ரகம், எந்தச் சீசன், எந்தத் தேதி. போன சீசன் சரக்கு என்றால் முகம் சுருங்கும். கந்தகம் காட்டி வெளுத்த சீனி கிடங்கில் கிடக்கக் கிடக்க மஞ்சள் தட்டும். அதை எப்படியும் கருக்கத்தான் போகிறார் என்பது வேறு விஷயம். சணல் சாக்காக வந்துவிட்டால் தனி வருத்தம். சீனியில் ஐந்தில் ஒரு பங்கைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு அடிப்படையான சட்டம் 1987-இல் வந்தது. வங்கத்துச் சணல் விவசாயிக்கு நல்லது. அல்வாவில் நார் கண்ட வாடிக்கையாளருக்கு அது புரிவதில்லை, அதனால் சல்லடை ஒன்று கூடுதல்.

ஆனால் சாக்கின் வாயைப் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தையல் நூலின் சரியான முனையைப் பிடித்தால் ஒரே இழுப்பில் சர்ரென்று அவிழும். தவறான முனையைப் பிடித்தால் முடிச்சு விழுந்து கத்தி தேட வேண்டும். பையன்கள் கத்தி தேடுவார்கள். அண்ணாச்சி பார்க்காமலே இழுப்பார். வெறும் சாக்கை உதறி, மடித்து, எண்ணி, சாக்குக் கடைக்கு விற்கிற காசு சீனிக் கணக்கில் சேராது. அது அவருடைய சொந்தக் கணக்கு. வீட்டம்மாவுக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மகள் பி.காம். முடித்துவிட்டுக் கடையின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். சீனி கையாளுகிறவர்கள் வாராவாரம் இருப்பைப் பதிய வேண்டும் என்று 2023-இல் அரசு சொன்னபோது, "நாம எம்புட்டு வச்சிருக்கோம்னு ஊருக்கெல்லாம் சொல்லவா?" என்று பதறிய அப்பாவைச் சமாதானப்படுத்தியவள் அவள்தான். தீபாவளிக்கு என்று இரண்டு மாதம் முன்கூட்டியே அவர் வாங்கி அடுக்கிய நூறு மூட்டைக்கு ஒருநாள் கணக்குப் போட்டாள்.

"ஐம்பது குவிண்டால் அப்பா. குவிண்டாலுக்கு நாற்பது ரூவா மிச்சம் பிடிச்சீங்க. மொத்தம் ரெண்டாயிரம். போட்ட பணம் ரெண்டு லட்சம், பேங்க் வட்டி மாசத்துக்கு ஒரு சதவீதம். ரெண்டு மாசத்துக்கு நாலாயிரம்."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்தார்.

"கெடங்குல எடம் இருக்குல்லா? சும்மாத்தான கெடக்கு" என்றார்.

கிடங்கு சும்மா கிடக்கவில்லை. அடியில் மரப்பலகை, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்கு, மேலே தார்ப்பாய். எல்லாம் செய்தும் ஐப்பசி அடைமழையின் ஈரக்காற்று உள்ளே வந்து, கீழ் வரிசை கல்லாய் இறுகிவிட்டது. இரண்டு பேர் மரச்சுத்தியலோடு உட்கார்ந்து உடைத்தார்கள். அந்தக் கூலியை மகள் கணக்கில் சேர்க்கவில்லை. பெற்ற அப்பா அல்லவா.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனிக்கு முப்பது பைசா பேரம் பேசுகிற இந்த மனிதர் நெய்க்குப் பேரம் பேசுவதில்லை, முந்திரிக்குப் பேசுவதில்லை, கேஸ் சிலிண்டருக்குப் பேசவே முடியாது. ஒரு கிலோ அல்வாவில் ஏறக்குறைய அரைக் கிலோ சீனி என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு வாரம் புரோக்கரோடு மல்லாடி அவர் மிச்சம் பிடிப்பது அந்த ஒரு கிலோவில் பதினைந்து பைசா. நெய் விலை ஒரு நாள் அசைந்தால் அது போய்விடும். ஆனாலும் நெய்யில் என்ன சுவாரசியம்? அதற்குக் கோட்டா உண்டா, தரை விலை உண்டா, டெல்லியில் தாள் உண்டா? சீனியில்தான் ஓர் அல்வாக் கடைக்காரர் இந்திய அரசோடு நேருக்கு நேர் நின்று ஆட முடியும். பெரும்பாலும் தோற்கிறார் என்பதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

தீபாவளிக்கு அவர் கடைக்குப் போகிறவர்கள் மாதக் கடைசியைத் தவிர்த்துவிட்டுப் போங்கள். நூறு கிராம் கேளுங்கள், இலையில் வைத்துத் தருவார், சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். நன்றாகவே இருக்கும், மாஸ்டர் கெட்டிக்காரர். "சீனி எறங்கிட்டாமே அண்ணாச்சி, அல்வா எப்பம் எறங்கும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சீனி ஏறினால் அல்வா ஏறும். சீனி இறங்கினால் அல்வா இறங்காது.