நூத்துக்கு நூறு வாங்குற எம்.எல்.ஏ.

டேய் பேராண்டி, அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்ல எம்.எல்.ஏ.க்களுக்கு மார்க் போடுற கூட்டத்துல நீயும் சேரப்போறேன்னு உன் அப்பத்தா சொன்னா. சபையில அவங்க போடுற ஒவ்வொரு ஓட்டும் மனுசனோட சுதந்திரத்தைக் கூட்டுச்சா குறைச்சுச்சான்னு கணக்குப் பாக்குற சோலியாம். உனக்கு அங்க ஓட்டே கிடையாது. ஓட்டு வாங்கி வந்தவனுக்கு நீ மார்க் போடப்போறே. நம்ம வம்சத்துக்கு ஏத்த உத்தியோகம்தான்.

ஊரும் தோதான ஊருதான். ‘சுதந்திரமா வாழு, இல்லேன்னா செத்துப்போ’ன்னு வண்டி நம்பர் பலகையிலயே எழுதி வச்சிருக்காக. அந்தப் பலகையை அடிக்கிறது கான்கார்டு ஜெயில்ல கிடக்குற கைதிக! ஜார்ஜ் மேனார்டுன்னு ஒருத்தரு, இது என் மதத்துக்கு ஒத்துவராதுன்னு அந்த வாசகத்தை மறைச்சாரு. சுதந்திரமா மறைச்ச குத்தத்துக்கு 15 நாள் உள்ள வச்சாக. மறைக்கிறது அவரு உரிமைன்னு சொல்ல 1977-ல உச்ச நீதிமன்றம் வரவேண்டியதாப் போச்சு. வளந்த மனுசன் கார்ல பெல்ட் போடலேன்னா அங்க கேக்க நாதியில்ல. ஆனா காட்டமான சரக்கு வாங்கணும்னா சர்க்கார் கடைக்குத்தான் போகணும். நம்ம டாஸ்மாக்கை நினைச்சு எனக்குச் சொந்தபந்தமே தட்டுது.

கீழ்ச்சபையில மட்டும் 400 பேரு. சம்பளம் வருசத்துக்கு 100 டாலர். வர்ற மசோதா ஒவ்வொண்ணையும் விசாரிச்சு சபைக்குக் கொண்டுவந்தே ஆகணுமாம். வருசத்துக்கு நூத்துக்கணக்குல வருது. இந்தச் சம்பளத்துக்கு எவன் அத்தனையும் படிப்பான்? அந்த இடத்துலதான் நீ சேரப்போற லிபர்ட்டி அலையன்ஸ்காரக வர்றாக. சபை கூடுற அன்னிக்குத் தங்கக் கலர்ல ஒரு தாளைக் கையில குடுத்துர்றாக. இதுக்கு ஆமான்னு போடு, இதுக்கு இல்லைன்னு போடு, காரணம் இன்னது. அப்புறம் அதே கூட்டம்தான் ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் மார்க் போடுது. எஃப்புக்கும் கீழ ‘அரசியல் சாசனத்துக்கே ஆபத்து’ன்னு ஒரு படி வேற! காலையில விடையைக் குடுத்துட்டு சாயங்காலம் பரீட்சை வைக்கிற பள்ளிக்கூடம் அந்தக் காலத்துல எனக்குக் கிடைச்சிருந்தா நானும் கலெக்டர்தான்.

குறை சொல்லலடா. ஒளிவுமறைவு இல்லாம முன்னாடியே சொல்லிர்றது யோக்கியம்தான். என் சந்தேகம் வேற. ஒருத்தரு ராத்திரி முழுக்க மசோதாவைப் படிச்சு, தன் புத்திக்குப் பட்டபடி தாளுக்கு எதிரா ஓட்டுப் போடுறாரு: சுதந்திரத்துல ஃபெயிலு. இன்னொருத்தரு ஒரு வரி படிக்கல. தாளைப் பாத்து பட்டனை அமுக்குனாரு: அவரு சுதந்திர வீரரு. 2019-ல கவர்னர் தடுத்தும் மரண தண்டனையை ஒழிச்சாகளே, அது உயிர் சமாச்சாரம். முடிவெட்டுறவருக்கு லைசென்ஸ் வேணுமா வேணாமாங்கிறதும் ஒரு ஓட்டுதான். எது எத்தனை மார்க்குன்னு நிறுத்துச் சொல்ற தராசு உன்கிட்ட இருக்கா? அப்புறம், பேர் சொல்லி எண்ணுற ஓட்டுதான் ஏட்டுல ஏறும். கூட்டமாக் கத்துற குரல் ஓட்டுல கத்துனது யாருன்னு உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. விவரமான ஆளு தன் காரியத்தை அங்கயே முடிச்சுக்குவான்.

நம்மூருக்கும் இதைக் கொண்டுவரலாமான்னு கேட்டியாமே. இங்க கட்சி சொன்னபடி கை தூக்கலேன்னா, 1985-ல வந்த கட்சித்தாவல் சட்டத்துல பதவியே போயிரும். மார்க் போட்டா கொறடா ஒருத்தருக்குத்தான் போடணும். உனக்கு ஒரே நாள்ல வேலை முடிஞ்சிரும்.

போடு போடு, வேணாம்னு சொல்லல. தாளை மீறி ஓட்டுப் போட்டவுகளைக் கூப்பிட்டு ஏன்னு ஒரு வார்த்தை கேட்டு, அதையும் மார்க்குப் பக்கத்துல எழுதிவை. நூத்துக்கு நூறு வாங்குனவரு பேரை மட்டும் எனக்கு அனுப்பு. சொன்னதைச் சொன்னபடி செய்யுற ஆளு ஒருத்தரு நம்ம தோப்புக்குத் தேவைப்படுது. வருசத்துக்கு 100 டாலர்னா எனக்கும் கட்டுப்படியாகும்.