தலைவர் மீன் விற்கப் போயிருக்கிறார்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அந்த உரிமை வந்தது 1989இல். எங்கள் பக்கத்து ஆண்கள் எதற்கும் அவசரப்படுகிறவர்கள் இல்லை.

1996 உள்ளாட்சித் தேர்தலில்தான் கொஞ்சம் அவசரம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம் இருந்த ஊராட்சி அதில் மாட்டிக்கொண்டது. கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். வழக்கம்போல ஆண்கள் மட்டும். வரி கட்டுகிற தலைக்கட்டு ஆண்தான் அல்லவா? அந்த வரிக்கான காசு, கூடை சுமந்து திருக்கழுக்குன்றம் வரை மீன் விற்ற பெண்களுடையது என்பதை யாரும் கிளறவில்லை. “யார் பொண்டாட்டிய நிறுத்தறது?” இதுதான் விவாதம். முடிவானபோது வேட்பாளரான அக்கா ஊரில் இல்லை, வியாபாரத்துக்குப் போயிருந்தார். சுவரில் கணவர் பெயர் முதலில் ஏறியது. மிச்ச இடத்தில் அக்கா பெயர்.

ஜெயித்த பிறகு நாற்காலியில் அக்காவின் கணவர் உட்கார்ந்தார். காசோலைப் புத்தகம் மட்டும் வீட்டுக்குப் போகும். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, “இன்னாத்துக்கு இது, எவ்ளோ?” என்று கேட்பார். பதில் வராமல் பேனா எழுதாது. அந்த ஊராட்சிக்கு நடந்த உருப்படியான தணிக்கை அதுதான் என்பது என் கட்சி.

இப்போது காலம் மாறிவிட்டது. 2016 சட்டத்தில் பெண்கள் ஒதுக்கீடு சரிபாதியாக உயர்ந்தது. 2021 அக்டோபரில், தனி மாவட்டமான பின் செங்கல்பட்டு கண்ட முதல் ஊராட்சித் தேர்தலில், வணிகவியல் பட்டம் பெற்ற மருமகள் ஒருத்தி ஜெயித்தாள். வாட்ஸ்அப் நன்றி அறிவிப்பில் கணவர் படமும் சரிசமம். ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ பலகை அவர் ஓட்டும் காரில். பணம் விடுவிப்பது கணினியில். அதற்கான டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, பைக் சாவியோடு ஒரே வளையத்தில் அவர் சட்டைப்பையில். அக்காவிடம் கையெழுத்துக்காவது போக வேண்டியிருந்தது. பி.காம். படித்தவளுக்கு அந்தத் தொந்தரவும் இல்லை.

அதே 2021இல் சட்டமன்றத்துக்குத் தேர்வான 234 பேரில் பெண்கள் 12. அங்கே ஒதுக்கீடு இல்லை. மனைவியை நிறுத்தும் நெருக்கடியும் இல்லை.

அடுத்த கிராம சபைக்குப் போனால் வரவு செலவைத் தலைவியிடமே கேளுங்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்தால், “உங்களைக் கேக்கல அண்ணே” என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அவளிடமே கேளுங்கள்.