துரையின் நாற்காலியில் ‘குரூப்ஸ்’

கேள்வி: டேட்டாபேஸை மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து 8.0க்கு மாற்றியதும், தோட்டத்துச் சம்பளக் கணக்குப் போடும் ஸ்டோர்ட் புரொசீஜர் 1064 பிழை காட்டுகிறதே, ஏன்? (ஒரு வாசகர், இரத்தினபுரி)

பதில்: துரைக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்த கதைதான்! 2018இல் வந்த 8.0, ‘குரூப்ஸ்’, ‘ரேங்க்’ போன்ற சொற்களைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. கொழுந்து பறிக்கும் குழுக்களின் அட்டவணைக்கு ‘குரூப்ஸ்’ என்று பெயரிட்டிருந்தால், பழைய புரொசீஜர் அங்கேயே தடுக்கி விழும். பெயரை பேக்டிக் குறிகளுக்குள் அடைத்தால் எழுந்து நடக்கும்.

மாற்றுவதற்கு முன்பே மைஎஸ்கியூஎல் ஷெல்லின் அப்கிரேட் செக்கர் இத்தகைய சிக்கல்களைச் சொல்லிவிடும்.

பிழை மறைந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள்; கணக்கும் சரியாக வர வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், தோட்டத்திடம் 12 வீதம். இது மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்தவரின் பணம். ஒரு மாதச் செக்ரோலைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, சதம்வரை ஒப்பிட்ட பிறகே சம்பளம் போடுங்கள்.