மொட்டைக் குன்றில் மஞ்சள் தொண்டை

கேள்வி: மயில், குயில், கிளி என்று எத்தனையோ இருக்க, மஞ்சள் தொண்டைச் சின்னானுக்கு ஏன் இப்படிப் பரிந்து பேசுகிறீர்கள்? (வாசகர், திண்டிவனம்)

பதில்: மயிலுக்கு முருகன் இருக்கிறார். குயிலுக்குத் திரைப்படக் கவிஞர்கள் இருக்கிறார்கள். இந்தச் சின்னானுக்கு யாரும் இல்லை, அதனால்தான். தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. இங்கேயும் எல்லா இடத்திலும் இல்லை. ஆந்திராவின் தென்பகுதி, கர்நாடகத்தின் கிழக்கு, தமிழ்நாட்டின் வடபகுதி, கேரளத்தின் கிழக்கு ஓரம் ஆகிய இடங்களில், பெரும்பாறைகளும் முட்புதர்களும் நிறைந்த வறண்ட குன்றுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழ்கிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவாய்ப்புள்ள இனமாக வைத்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கு நாம் பரிந்து பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

கேள்வி: எங்கள் வீட்டு மல்லிகைக் கொடியில் கூடு கட்டியிருப்பது இதுதானே? கருந்தலை, வாலுக்கு அடியில் நல்ல சிவப்பு. (வாசகி, சேலம்)

பதில்: சிவப்பு என்றதுமே விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். உங்கள் விருந்தாளி செம்புழைச் சின்னான். ஊருக்குள் தாராளமாகப் பழகும் பறவை. குஞ்சு பறக்கும்வரை அந்தக் கொடியைக் கத்தரிக்காதீர்கள்.

மஞ்சள் தொண்டைச் சின்னான் மல்லிகைக் கொடிக்கு வராது. சுமார் 20 செ.மீ. நீளம். தலை பச்சை கலந்த மஞ்சள், தொண்டை பளிச்சென்ற மஞ்சள், உடல் சாம்பல், வாலடி மறுபடியும் மஞ்சள். கொண்டை கிடையாது. பாறை மறைவிலிருந்து கிளம்பிச் சரிவில் தாழப் பறந்து அடுத்த புதருக்குள் நுழையும்போது வாலின் நுனியைப் பாருங்கள், அங்கே வெளிறிய மஞ்சள் தெரியும். பலருக்கு முதல் தரிசனம் அவ்வளவுதான். அதே புதரில் வெண்புருவச் சின்னானும் இருக்கும், குரலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். காதை நம்பி முடிவு செய்யாதீர்கள், தொண்டையைப் பார்த்தபிறகு குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆண் எது, பெண் எது? (வாசகர், ஆரணி)

பதில்: நமக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அவற்றுக்குத் தெரிகிறது, அது போதும்.

கேள்வி: முதலில் கண்டுபிடித்தவர் யார்? (மாணவி, வேலூர்)

பதில்: ஆடு மேய்த்தவர்கள் காலங்காலமாகப் பார்த்திருப்பார்கள். அறிவியல் ஏட்டில் எழுதியவர் ஜெர்டன். சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். நெல்லூருக்கு மேற்கே உள்ள கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலிருந்து கிடைத்த பறவையை வைத்து 1840-களில் விவரித்தார்.

கேள்வி: எங்கள் ஊர்க் குன்றில் முள்ளும் பாறையும் தவிர ஒன்றுமே இல்லை. இளைஞர்கள் சேர்ந்து ஆயிரம் மரக்கன்று நடப்போகிறோம். வாழ்த்துங்கள். (வாசகர், தருமபுரி)

பதில்: உங்கள் மனதை வாழ்த்துகிறேன், கன்றுகளைத் தயவுசெய்து வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். பள்ளி வளாகம், சாலையோரம், ஏரிக்கரை என்று நிழல் கேட்டு நிற்கும் இடங்கள் எத்தனையோ உண்டு. குன்று கேட்கவில்லை.

'ஒன்றுமே இல்லை' என்பதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத்திலேயே புதர் நிலமும் பாறை நிலமும் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. ஆனால் காலையில் அந்தக் குன்றின் அடிவாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். காரை, சூரை, களா என்று முள்ளுக்கு நடுவே எதுவோ ஒன்று பழுத்திருக்கும். பாறை இடுக்கில் ஒரு இச்சி மரம் வேரைக் கீழே வழியவிட்டு நிற்கும். அந்த விதையை அங்கே யார் கொண்டுபோய்ப் போட்டது? பழம் தின்று பறந்த பறவையின் எச்சம்தான். சின்னான்கள் அங்கே நெடுங்காலமாக மரம் நட்டுக்கொண்டிருக்கின்றன, குழி தோண்டாமல், தண்ணீர் ஊற்றாமல், அந்த மண்ணில் எது பிழைக்குமோ அதை மட்டும். வேற்று மரங்களை வரிசையாக நட்டுப் புதரை மூடினால், புதரை நம்பி வாழும் பறவைக்கு இடமில்லாமல் போகும். கைகள் நிறைய இருக்கின்றனவா? கோடையில் குன்றுக்குத் தீ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் கன்றைவிடப் பெரிய உதவி அது.

கேள்வி: 'ஷோலே' எடுத்த ராமநகரக் குன்றுகளில் இது உண்டாமே? (வாசகர், ஓசூர்)

பதில்: உண்டு. படம் வந்தது 1975-ல், அந்தப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நந்தி மலை, ஹார்ஸ்லி மலை, கேரளத்தின் சின்னார் சரணாலயம் ஆகிய இடங்களிலும் பார்க்கலாம். நம் பக்கம் செஞ்சி வட்டாரக் குன்றுகளிலும் உண்டு. செஞ்சிக் கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னத் தகுதி கிடைத்தது. கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தப் பறவையையும் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: ஒரு குருவிக்காகக் கல்குவாரியை மூடினால் எங்கள் பிழைப்பு? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: நியாயமான கேள்வி. எல்லாக் குவாரியையும் மூடச் சொல்லவில்லை. கருங்கல் இல்லாமல் நாம் யாரும் வீடு கட்டவில்லை. ஆனால் வெட்டிய காடு விட்டுவைத்தால் துளிர்க்கும், வெட்டிய குன்று துளிர்க்காது. இந்தப் பறவை வாழும் குன்று எது என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஏலம் விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. குன்று போனால் உங்கள் ஆடுமாடுகளின் மேய்ச்சலும் மழைநீர் இறங்கும் ஓடையும் சேர்ந்தே போகும்.

கேள்வி: நாங்கள் என்ன செய்யலாம்? (கல்லூரி மாணவர்கள், திருவண்ணாமலை)

பதில்: ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பெரும்பாலோர் ஏரிக்குப் போகிறார்கள். நீங்கள் உங்கள் ஊர்க் குன்றுக்குப் போங்கள். பார்த்த பறவைகளை 'இபேர்ட்' தளத்தில் இடம், நாள், எண்ணிக்கையோடு பதிவு செய்யுங்கள். மஞ்சள் தொண்டை கண்ணில் பட்டால் வனத்துறைக்கும் ஊராட்சிக்கும் எழுதிக் கொடுங்கள். குன்றுக்கு ஏலம் வரும் நாளில் அந்தக் காகிதம் கையில் இருக்க வேண்டும்.